நூற்றுக்கு நூற்றுப் பதினாறு

தாழக்குடித் தாணுமாலயன் முப்பத்தொரு வருடம் அரசாங்கத்து நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். எந்த ஊர்க் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறது, எந்தக் குழாயில் இரும்பு கலந்து வருகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடியப்பட்டணத்துக் கடற்கரைக் கிணறுகளின் உப்பளவை எந்த மாதத்துக்கு வேண்டுமானாலும் காகிதம் பார்க்காமல் சொல்வார். ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டுக்குப் பின்னால் தொழுவமாக இருந்த இடத்துக்குச் சிமென்ட் பூசி, மேசை போட்டு, அதன்மேல் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். ஆறு வருடமாக அவருடைய பகல் பொழுதெல்லாம் அந்த ஜாடியோடுதான் போயிற்று.

பார்த்தால் பெரிய விஷயமில்லை. இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குடுவை. டீ ஊற்றி வைக்கிற ஃபிளாஸ்க்குக்கு அண்ணன் என்று சொல்லலாம். உள்ளே பொட்டாசியம் கார்பனேட் கரைத்த தண்ணீர். அதில் இரண்டு நிக்கல் கம்பிகள். கம்பிகளில் மின்சாரம் செலுத்தினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழியிடும், தண்ணீரும் சூடாகும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்வார்கள். தாணுமாலயன் கூடுதலாகச் செய்தது ஒன்றுதான். உள்ளே போகிற மின்சாரத்தையும் வெளியே வருகிற சூட்டையும் அளந்து பார்த்தார். நூறு பங்கு உள்ளே போனால் நூற்றுப் பதினாறு பங்கு வெளியே வந்தது.

முதல் தடவை அவரே நம்பவில்லை. தெர்மாமீட்டரை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். புதுக் கம்பி போட்டார். நானூற்றுச் சொச்சம் தடவை செய்து பார்த்தும் ஒருநாள் நூற்றுப் பதினைந்தரை, இன்னொரு நாள் நூற்றுப் பதினாறரை என்று அங்கேயேதான் வந்து நின்றது. அந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது?

சூரியனுக்குள்ளே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அதனால்தான் அவ்வளவு வெப்பம். ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகிற கருக்கள் நெருங்குவதற்கு அங்கே கோடி டிகிரிக்கு மேல் சூடு இருக்கிறது. அதே இணைப்பைச் சாதாரண அறையில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நடத்திவிட்டோம் என்று 1989-இல் அமெரிக்காவில் இரண்டு வேதியியல்காரர்கள் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது பெரும்பாலோருக்கு வரவில்லை. சில மாதங்களில் பேச்சு அடங்கிப்போனது. ஆனாலும் குளிர் இணைவு, குளிர் இணைவு என்று அதை விடாமல் பிடித்துக்கொண்டு இருப்பவர்கள் அங்கங்கே உண்டு. ஒக்கிப் புயலில் மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, பரிசோதனைக் கூடத்தில் வேலை ஓடாமல் பழைய அறிவியல் பத்திரிகைக் கட்டைப் பிரித்த தாணுமாலயன் கண்ணில் அந்தச் செய்தி பட்டது. தண்ணீருக்குள் இப்படி ஒன்று இருக்குமானால், ஆயுசு முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த தான் அதைத் தேடாமல் இருக்கலாமா என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பதினாறுக்குக் காரணமும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்தப் பொருளை எவ்வளவு குளிரவைத்தாலும், இனிமேல் குளிரவே முடியாது என்கிற கடைசிப் புள்ளிக்கே கொண்டுபோனாலும், அணுவுக்குள் ஒரு சிறு நடுக்கம் மிச்சம் இருக்கும். அதற்குச் சுழிப்புள்ளி ஆற்றல் என்று பெயர். இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் உள்ளது. இதற்குமேல் தாணுமாலயனின் ஊகம். நிக்கலுக்குள் நெருக்கியடித்து ஏறுகிற ஹைட்ரஜன், அந்த நடுக்கத்திலிருந்து கடன் வாங்கித்தான் ஒன்றையொன்று நெருங்குகிறது. நெருங்குகிற இடத்தில் கொஞ்சம் சூடு பிறக்கிறது. இதையெல்லாம் 'அணுவின் உறங்காத துடிப்பு' என்று அறுபத்துநாலு பக்கத்தில் எழுதி முந்நூறு பிரதி அச்சடித்தார்.

பதினோரு பேராசிரியர்களுக்கு அனுப்பினார். பத்துப் பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் வாட்ஸப்பில் கும்பிடுகிற கையை அனுப்பியிருந்தார். ஷார்ஜாவில் இருக்கிற மகன் அனில்குமார் வாரம் ஒருதடவை போனில், "சூப்பர்ப்பா, விடாதீங்க" என்பான். ஊரில் அவருக்கு அணுகுண்டு அண்ணாச்சி என்று பெயர் விழுந்திருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. ஜாடியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் மனைவி பார்வதியம்மாள் காப்பி போட்டுக் கொடுப்பாள். குடித்துவிட்டு, "பிரமாதம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

போன ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, ஜாடிக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் புகைந்து நின்றுவிட்டது. தெருவில் இருந்த எலெக்ட்ரீசியன் ஒருவர் எப்போதோ செய்து கொடுத்த பெட்டி; அவர் இப்போது குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். நாகர்கோவிலில் இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர், "செட்டிகுளத்துல நேசபாய்னு ஒரு அக்கா இருக்காவ, மாடியில. அவுங்ககிட்ட கொண்டு போங்க. அவுங்களால முடியலேன்னா தூரப் போட்டுரலாம்" என்றார்.

நேசபாய்க்கு ஐம்பத்துநாலு வயது இருக்கும். புதுக்கடைப் பக்கத்துக்காரி. மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இப்போது சுற்றுவட்டாரத்து கிளினிக்குகளின் ஈசிஜி மெஷினும் நெபுலைசரும் அவரிடம்தான் வரும். பெட்டியின் மூடியைத் திறந்து, டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"டயோடு ரெண்டு போச்சு சார். மாத்திரலாம். பின்ன, இதுல கப்பாசிட்டர் எங்க? எடுத்துட்டியளா?"

"அப்படி ஒண்ணு இதுல இருந்ததே இல்லியேம்மா. நல்லாத்தானே ஓடிச்சு."

"ஓடும். கப்பாசிட்டர் இருந்தா கரண்ட் மேடு பள்ளம் இல்லாம ஒரே மட்டமா வரும். இது இல்லாத்ததினால அலையலையாத்தான் வரும். எதுக்கு உபயோகிக்கிய?"

இந்தக் கேள்விக்காகவே தாணுமாலயன் எப்போதும் பையில் இரண்டு புத்தகம் வைத்திருப்பார். ஒன்றை எடுத்து நீட்டினார். நேசபாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கி, அட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார்.

"வாசிச்சிட்டு விளிக்கேன் சார்."

இதே வார்த்தையை அவர் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஆனால் நாலாம் நாள் காலையில் நேசபாய் நிஜமாகவே கூப்பிட்டார். பெட்டி தயாராகிவிட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, "சார், புஸ்தகம் ரெண்டு தடவ வாசிச்சேன்" என்றார்.

தாணுமாலயன் கையிலிருந்த பல்தேய்க்கிற பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ரெண்டு தடவயா?"

"முதல் தடவ எல்லாம் புரியல. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஜாடியில நிக்கலுக்குப் பதிலா வெறும் ஹீட்டர் கம்பிச்சுருள் ஒண்ணப் போட்டு இதே கணக்குப் பாத்தியளா?"

"வெறும் சுருள்ல என்ன பாக்கதுக்கு இருக்கு? நூறு போனா நூறு வரும்."

"வரணும். வருதான்னு பாத்தியளா?"

அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. ஒரு பக்கம், இந்தப் பெண் நாற்பத்தொன்றாம் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறாளே என்று சந்தோஷம் பொங்கியது. இன்னொரு பக்கம் முள் தைத்த மாதிரி இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வாறேன் சார், பெட்டியையும் கொண்டு வாறேன்" என்று நேசபாயே சொல்லிவிட்டார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் பெட்டியும், பின் இருக்கையில் படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிய ஆஸிலோஸ்கோப்புமாக வந்து இறங்கினார். மின்சாரத்தின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி அது. அதை அப்போது அவிழ்க்கவில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்துப் பூசிய ஒரு நிக்ரோம் ஹீட்டர் சுருளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல்ல இத போடுவோம். அளக்கது எல்லாம் நீங்களே அளங்க. நான் தொடமாட்டேன்."

தாணுமாலயன் சுருளை ஜாடிக்குள் இறக்கினார். வழக்கமான அதே மீட்டர்களில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து எழுதினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை தண்ணீரின் சூட்டைப் பத்தில் ஒரு டிகிரி வரை துல்லியமாகக் குறித்தார். முக்கால் மணி நேரம் ஆனதும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். போட்டு முடித்து, அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

நூற்று இருபத்து மூன்று.

"இன்னொரு வாட்டி செய்வோம்" என்றார். புதுத் தண்ணீர் ஊற்றி, ஆதியிலிருந்து செய்தார். நூற்று இருபத்து மூன்று. ஜாடியில் நிக்கல் கம்பி கொடுத்ததைவிட, கேவலம் ஒரு ஹீட்டர் சுருள் அதிகமாகக் கொடுத்திருந்தது.

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "ஏம்மா, நிக்ரோம்ல நிக்கல் உண்டே! பாதிக்கு மேல நிக்கலாக்கும்!"

நேசபாய் சிரிக்கவில்லை. "உண்டு சார். அதுக்குத்தான் கண்ணாடிக் குழாய்க்குள்ள அடைச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி அதத் தொடல. ஹைட்ரஜன் எங்கேருந்து வரும்?"

தாணுமாலயனுக்குக் காது சுட்டது. அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்ததை நினைத்து அவர் பிறகு பல நாள் கூசினார். "ஈசிஜி மெஷின் ரிப்பேர் பாக்குற ஆளுக்கு அணுவப்பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டார். வாசலில் நின்ற பார்வதியம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒண்ணும் தெரியாது சார்," என்றார் நேசபாய். குரலில் கோபமில்லை. "மீட்டரப்பத்தித் தெரியும். ஒரு மீட்டர் எப்போ பொய் சொல்லும்னு பாக்கதுதான் இருபத்திரெண்டு வருசம் எனக்க வேல. நான் தப்பாப் பாத்தா அங்க படுத்துக் கெடக்க ஆளுக்கு இல்லியா கேடு?"

"மொதல்ல சாப்பிட வாருங்க ரெண்டு பேரும்" என்றாள் பார்வதியம்மாள்.

இலையில் தீயலும் அவியலும் ரசவடையும் இருந்தன. தாணுமாலயன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பெண்கள் இருவரும் மஸ்கட் வெயிலைப் பற்றியும் தேங்காய் வறுக்கிற பக்குவத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். நேசபாய் இரண்டாவது முறை தீயல் கேட்டு வாங்கிக்கொண்டதைப் பார்த்தபோது அவருக்கு என்னவோ நெஞ்சு இளகியது. தன்னிடம் பேச்சு வாங்கிய ஆள், எழுந்து போகாமல் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கை கழுவியதும் அவரே, "அந்த மெஷின அவிழுங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

திரையில் பச்சைக் கோடு வரிசையாகக் குன்றுகளாக எழுந்து எழுந்து விழுந்தது. ஒரு விநாடிக்கு நூறு குன்று. நேசபாய் பேனாவின் முனையால் காட்டினார்.

"இது வோல்ட். ஆம்பியரும் இதே மாதிரிதான் ஏறி எறங்கும். உச்சிக்குப் போகும்போ ரெண்டும் ஒண்ணா உச்சிக்குப் போவும். சூடு அங்கதான் நெறைய உண்டாகும். உங்களுக்க மீட்டர் என்ன செய்யுது? வோல்ட்டுக்கு ஒரு சராசரி சொல்லுது, ஆம்பியருக்கு ஒரு சராசரி சொல்லுது. நீங்க அந்த ரெண்டு சராசரியப் பெருக்கி, இவ்வளவுதான் உள்ள போச்சுன்னு எழுதுதிய. நெஜத்துல அதவிட அதிகம் போவுது சார். போறது கொறச்சலாத் தெரிஞ்சா, வாறது கூடுதலாத்தானே தெரியும்?"

தாணுமாலயன் ஒரு காகிதத்தை எடுத்து அந்தக் குன்றை வரைந்தார். பத்துத் துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் கூட்டினார். இன்னொரு பக்கம் சராசரிகளைப் பெருக்கினார். ஒன்றை மற்றொன்றால் வகுத்தபோது ஒன்று புள்ளி இரண்டு மூன்று வந்தது. அவர் பென்சில் அந்த மூன்றின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

நேசபாய் பெட்டிக்குள் தடித்த ஒரு கப்பாசிட்டரைப் பற்றவைத்தார். திரையில் குன்றெல்லாம் படுத்துக் கோடு ஏறக்குறைய நேராகிவிட்டது. சுருளைப் போட்டு அளந்தார்கள்: தொண்ணூற்றொன்பது. பிறகு நிக்கல் கம்பிகளைப் பழையபடி இறக்கி, கடைசியாக ஒருதடவை அளந்தார்கள். மணி நாலு ஆகியிருந்தது.

தொண்ணூற்றுநாலு.

"ஆறு கொறயுதே?" என்றார் நேசபாய். இதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

"அது கொறச்சல் இல்லம்மா," என்றார் தாணுமாலயன் மெதுவாக. இது அவருடைய இடம். இங்கே அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. "தண்ணியப் பிரிக்கதுக்கு ஒண்ணர வோல்ட் கிட்ட செலவாகும். அது சூடா வராது, ஹைட்ரஜனோட வெளிய போயிரும். இருபத்துநாலு வோல்ட்டுக்கு நூத்துக்கு ஆறு. செரியா இருக்கு. எல்லாம் செரியா இருக்கு."

நேசபாய் போன பிறகு அவர் தொழுவத்தின் கதவைச் சாத்தினார். அடுத்த மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பழையாற்றங்கரை வரைக்கும் நடந்து போவார், வயலில் நடவு நடக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், திரும்பி வருவார். நானூற்றுச் சொச்சம் சோதனை. அறுபத்துநாலு பக்கம். பதினோரு பேராசிரியர்களில் ஒருவராவது நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்து, சுருள் போட்டுப் பாரும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே தீர்ந்திருக்கும். அவர்கள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் நிற்கவில்லை. நீர் மாதிரிகளைச் சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வெறும் சுத்தமான தண்ணீரையும் ஒரு குப்பியில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது அவருக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். கருவி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. சொந்த ஜாடியில் அதைச் செய்ய மறந்தது யார்?

நாலாம் நாள் காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பார்வதியம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறு வருசமா எத்தன பேரக் கூட்டிட்டு வந்து அந்த ஜாடியக் காட்டினிய. எல்லாரும் காப்பி குடிச்சிட்டு, பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாவ. அனிலும் போன்ல சூப்பர் சூப்பர்னுதான் சொன்னான். நானும் ஒருநாள்கூட இது செரிதானான்னு கேக்கல."

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா உங்களுக்கு மனசு நோவும்னுதான்." அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "அவ கேட்டா பாத்தியளா. ஒரு ஞாயித்துக்கிழமய முழுசா இஞ்ச வந்து களைஞ்சிருக்கா. நீங்க பேசின பேச்சுக்கும் கோவப்படல."

தாணுமாலயன் இட்லியைப் பாதியில் விட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

செட்டிகுளத்து மாடிப் படியில் ஏறும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று கோர்த்து வைத்திருந்தார். உள்ளே போனதும் எல்லாம் கலைந்துபோயிற்று. நேசபாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்:

"அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா. அதுக்கு முதல்ல மன்னிக்கணும். பின்ன... நீங்க எனக்குச் செய்தத எப்படிச் சொல்லணும்னு தெரியல. அந்தப் புஸ்தகத்த நான் நூத்துச் சொச்சம் பேருக்கிட்ட நீட்டினேன். நீங்க ஒருத்தர்தான் அத தப்பாருக்குமோன்னு பாக்க அளவுக்கு மதிச்சு வாசிச்சிய."

நேசபாய் மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. ஆனால் அவர் திறந்தது பதினேழாம் பக்கத்தை.

"நீங்க இத கேக்கணும் சார். மஸ்கட்ல எம்ஆர்ஐ மெஷின் உண்டு. அதுக்கு உள்ள இருக்க காந்தத்தக் குளிரவைக்க ஹீலியம் ஊத்துவாவ. கம்பெனிக்காரன்மாரு வந்து நிரப்பும்போ நான்தான் பக்கத்துல நிக்கணும். மைனஸ் எரநூத்தி அறுபத்தொம்பது டிகிரி. எல்லாமே கல்லாப் போற குளிராக்கும் அது, காத்துகூடக் கட்டியாகிரும். இந்த ஹீலியம் மட்டும் தண்ணியாவே கெடக்கும். ஏன் இது உறையலேன்னு அவன்மாருகிட்ட கேட்டேன். அது அப்படித்தான்னு சொன்னாவ. இருபது வருசம் எனக்கு அது ஒரு கொறயாவே கெடந்துச்சு."

அவர் விரல் வைத்த இடத்தில் தாணுமாலயனின் வரிகள் இருந்தன. சுழிப்புள்ளி நடுக்கம் இருப்பதால்தான், சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிரவைத்தாலும் ஹீலியம் உறைவதில்லை. அதன் அணு மிக இலேசானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலமும் குறைவு, அந்தச் சிறு நடுக்கமே அவற்றை ஓரிடத்தில் நிற்கவிடாமல் செய்துவிடுகிறது என்று அவர் எழுதியிருந்தார்.

"முதல் தடவ வாசிச்சப்போ இந்த எடத்துல நிறுத்திட்டேன்," என்றார் நேசபாய். "எழுந்து போய் மொகத்தக் கழுவிட்டு வந்தேன். இத்தன வருசம் கழிச்சு, நம்ம தமிழ்ல, எனக்கு வெளங்குத மாதிரி ஒருத்தர் எழுதி வச்சிருக்காரேன்னு. இப்படி எழுதத் தெரிஞ்ச ஆளு ஒரு தப்பான கணக்க வச்சுட்டு இருக்கப்பிடாதுன்னுதான் ஞாயிற்றுக்கிழம வந்தேன்."

"அப்போ அந்த நடுக்கம் நெஜந்தானே?" என்று கேட்டார் தாணுமாலயன். கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை எழுதியதே அவர்தான்.

"அது நெஜம்னு நீங்கதானே சொல்லித் தந்திய! உங்களுக்க ஜாடிக்குள்ள அதுலேருந்து சூடு வரலேங்கது மட்டும்தான் நான் பாத்தது. மத்தவுங்களுக்க ஜாடியப்பத்தி எனக்குத் தெரியாது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நேசபாய் கீழே கடையில் சொல்லி இரண்டு சாயா வரவழைத்தார்.

அந்த வாரம் தாணுமாலயன் ஒரு துண்டுத்தாள் எழுதி அச்சடித்தார். 'இந்நூலின் 41 முதல் 52 வரையுள்ள பக்கங்களில் சொல்லப்பட்ட கூடுதல் வெப்பம் மெய்யானதல்ல. மின்சாரத்தை நான் அளந்த முறையில் பிழை இருந்தது. பிழையைக் கண்டுபிடித்துச் சோதித்துக் காட்டியவர் செட்டிகுளம் நேசபாய் அவர்கள். அவருக்கு என் நன்றி.' பெயர் வேண்டாம் என்று நேசபாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. வீட்டில் மீதி இருந்த நூற்றெழுபது பிரதியிலும் பார்வதியம்மாள் பசை தடவிக் கொடுக்க அவர் ஒட்டினார். பதினோரு பேராசிரியர்களுக்கும் துண்டுத்தாளைத் தபாலில் அனுப்பினார். பிரதி கொடுத்திருந்த நூலகங்களுக்கு நேரிலேயே போய் ஒட்டினார். ஷார்ஜாவுக்குப் போன் போட்டு அவர் விஷயத்தைச் சொன்னபோது அனில்குமார், "கஷ்டமா இருக்காப்பா?" என்றான். "முதல்ல இருந்திச்சு மக்கா. இப்போ இல்ல" என்றார். அவன் முதல்தடவையாக, கப்பாசிட்டர் போட்டதும் எவ்வளவு வந்தது, அந்த ஆறு எங்கே போனது என்றெல்லாம் விவரமாகக் கேட்டான். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆவணி முதல் சனிக்கிழமை 'குளிர் இணைவு: என் கண்டுபிடிப்பு' என்று அவர் பேசுவதாக முன்பே ஏற்பாடு ஆகியிருந்தது. ரத்து செய்துவிடலாமா என்று நூலகர் இந்துஜா கேட்டாள். வேண்டாம், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்றார். 'குளிர் இணைவு: என் பிழை' என்று கரும்பலகையில் எழுதி வைத்தாள். இருபது பேர் வந்திருந்தார்கள். மேசையில் ஜாடி, பெட்டி, பக்கத்தில் ஆஸிலோஸ்கோப்போடு நேசபாய். முன்வரிசையில் பார்வதியம்மாள்.

கப்பாசிட்டரைக் கழற்றியும் போட்டும் அவர் காட்டியபோது, பச்சைக் குன்றுகள் எழுவதையும் படுப்பதையும் பார்க்க எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். பேச்சு முடிந்ததும், விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஆறுமுகப்பெருமாள் கேட்டார்:

"அப்போ ஓய், ஆறு வருசம் வெள்ளத்துல போச்சு, இல்லியா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தாணுமாலயனும் சிரித்தார்.

"நானும் மூணு நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு ஆத்தங்கரையில நின்னேன். ஆறு வருசம் ஒரு தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்; அது பாவம், ஒருநாள்கூட எங்கிட்டப் பொய் சொல்லல. நான்தான் தப்பாக் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்போ அது சொன்னது எனக்குக் கேட்டுப்போச்சு. கேக்க வச்ச ஆளு இந்தா இருக்காவ." நேசபாயைப் பார்த்து இரண்டு கையையும் குவித்தார். நேசபாய் வயரைச் சுற்றுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லோரும் கலைகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் தயங்கித் தயங்கி வந்தார். பெயர் ஏசுஅடிமை, முட்டத்தில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். காந்தங்களை வைத்து ஒரு சக்கரம் செய்திருப்பதாகவும், ஒருதடவை சுற்றிவிட்டால் நெடுநேரம் ஓடுவதாகவும், சுழிப்புள்ளி ஆற்றலைத்தான் அது எடுத்துக்கொள்கிறது என்று தனக்கு ஒரு எண்ணம் இருப்பதாகவும் சொன்னார்.

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாவ. யாரும் உக்காந்து பாக்க மாட்டேங்கிறாவ. நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் வருவியளா?"

தாணுமாலயன் நேசபாயைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழம சர்ச்சு முடிஞ்சு போலாம் சார்" என்றார் நேசபாய்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற சாலையில்தான் ஏசுஅடிமையின் பட்டறை. கடல்காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஆளுயரத்துக்குச் சக்கரம் நின்றது. நேசபாய் நேரே அதன் பக்கத்தில் போய்க் குனிந்து அச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஏசுஅடிமை அதைச் சுற்றிவிடக் கை வைத்தபோது தாணுமாலயன் தடுத்தார்.

"சக்கரம் எங்கேயும் போவாது. இதப்பத்தி நீங்க ஏதாவது எழுதி வச்சிருக்கியளா?"

ஏசுஅடிமை ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு வேகமாக வீட்டுக்குள் போய், கிரீஸ் கறை படிந்த மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தாணுமாலயன் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.